முள்ளும் மிதவையும்: பட்டறைத் தமிழ் பற்றிச் சில கருத்துகள்



கெடாவைப் பற்றிப் பேச வருவோர் கடாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த செய்தியையும், பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டடச் சிதைவுகளையும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நாம் அவ்வளவு தொலைவு செல்லப்போவதில்லை. சுங்கை பட்டாணியில் உள்ள ஒரு வாகனப் பட்டறை வரை சென்று திரும்புவோம். பிக்கப் வண்டியின் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கருவியும், அதைக் கழற்றி மாற்றும் வேலையும், அவ்வேலைக்கு வேண்டிய சொற்களுமே இவ்வுரையின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் டீசல் பிக்கப்பில் பாலிங் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். முள் பாதித் தொட்டி என்று காட்டியது. கோல கெட்டிலைத் தாண்டியதும் வண்டி இருமி நின்றுவிட்டது. தொட்டியில் எண்ணெய் இல்லை. டீசல் வண்டி இவ்வாறு நின்றால் எண்ணெய் ஊற்றியவுடன் கிளம்பாது. குழாய்களில் புகுந்த காற்றைக் கைப்பம்பினால் வெளியேற்ற வேண்டும். அந்த வெயிலில் அதையும் கற்றுக்கொண்டு, மாலையில் பட்டறையை அடைந்தோம்.

பட்டறையை நடத்தியவர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லோரிகளின் அடியில் படுத்துத் தொழில் கற்றவர். ஊரார் அவரைப் ‘போமன்’ என்பர். ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறித்த சொல், மலாய்ப் பேச்சு வழக்கில் வாகனம் பழுதுபார்ப்பவரைக் குறிக்கலாயிற்று; நம் மக்களும் அதை ஏற்றுக்கொண்டனர். அவரிடம் ஓர் இளைஞர் வேலை பயின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, டேங்க்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாரு” என்றார் போமன். அது முறையான தொடக்கம். முள் பொய் சொன்னால் குற்றம் எப்போதும் தொட்டிக்குள் இருப்பதில்லை. உருகி எரிந்திருக்கலாம், இணைப்பியில் பச்சை பூத்திருக்கலாம், சட்டகத்தில் பொருந்தும் தரைக்கம்பி துருவேறியிருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் தொட்டியை இறக்க வேண்டும், அல்லது சரக்குத் தட்டின் திருகாணிகளைத் தளர்த்தி அதைத் தூக்க வேண்டும். அன்று இவையெல்லாம் சரியாகவே இருந்தன. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, தொட்டியில் ஊற்றியிருந்த எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கினார்கள். வாய்ப்பகுதியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்த பின்னரே மூடியைத் திறந்து கருவியை வெளியே எடுத்தார்கள்.

அது பார்வைக்கு எளியது. ஒரு மிதவை; அதைத் தாங்கும் மெல்லிய கம்பிக்கை; அக்கை அசையும்போது ஒரு தடைப்பட்டையின்மேல் உராய்ந்து நகரும் தொடுமுனை. எண்ணெய் ஏற மிதவை ஏறும், தொடுமுனை நகரும், மின்தடை மாறும், அதற்கேற்ப முன்பலகையில் முள் நகரும். நம் வண்டியில் தடைப்பட்டை நடுவில் தேய்ந்துபோய், கை அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் தொட்டி வற்றிய பின்னும் முள் பாதியிலேயே நின்றது.

அக்காலத்தில் நாம் தொழில்நுட்பச் சொற்பட்டியல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். இக்கருவிக்கு அதில் ‘எரிபொருள் அளவு அனுப்பும் அலகு’ என்று எழுதியிருந்தோம். ஆங்கிலப் பெயரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு அது. சற்றுப் பெருமையுடனே அதைப் போமனிடம் சொன்னோம்.

அவர் கருவியைக் கையில் திருப்பிப் பார்த்தார். “இது எதை அனுப்புது ஐயா? மேல இருந்து வர்ற கரண்டைக் கூட்டிக் குறைச்சு விடுது, அவ்வளவுதான். நாங்க பெலாம்போங்ன்னு சொல்வோம். மிதவைன்னாலும் புரியும்.”

இயற்பியல் அவர் பக்கமே இருந்தது. இவ்வகைக் கருவி தானாக எதையும் அனுப்புவதில்லை. தன் வழியே செல்லும் மின்னோட்டத்தைத் தடுப்பதே அதன் தொழில். நாம் கருவியைப் பாராமல் அதன் பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்திருந்தோம். அன்றிரவு பட்டியலில் அப்பதிவை அடித்துவிட்டு ‘மிதவைத்தடை’ என்று எழுதினோம்.

நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பிரிப்பதை மாணவர்கள் அறிவீர்கள். இக்கருவி இரண்டுக்கும் நல்ல பாடம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வண்டிகள் பலவற்றில் தொட்டி வற்றினால் தடை ஏறத்தாழ 0 ஓம். நிறைந்தால் 90 ஓம். ஃபோர்டின் பழைய வண்டிகளில் முறை தலைகீழ்: வற்றினால் ஏறத்தாழ 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். ஆகவே 10 ஓம் என்னும் ஒரே அளவு ஒரு வண்டியில் நிறைவைக் குறிக்கும். மற்றொன்றில் வறட்சியைக் குறிக்கும். அந்த எண்ணுக்குள் இயல்பாக எப்பொருளும் இல்லை. கருவியும் முள்ளும் ஒரே வழக்கிற்கு உடன்பட்டிருப்பதே பொருள். இதுவே இடுகுறி. மாற்றுக்கருவி வாங்குவோர் கம்பிக்கையின் நீளத்தை மட்டுமன்றி ஓம் அளவையும் ஒப்பிட வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

மொழியிலும் சொல்வோனும் கேட்போனும் ஒரே வழக்கில் நிற்க வேண்டும். பட்டறையில் ஒருவரும் அறியாத சொல், அகராதியில் எவ்வளவு தூய்மையாக இருப்பினும், பொருந்தாக் கருவியே.

இனி, அன்று கண்ட மற்றொரு நிகழ்ச்சி. அதே பட்டறையில் ஒரு பெட்ரோல் காரின் தொட்டியும் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. இடம் போதாமையால் அந்த இளைஞர் அதை இழுத்துச் சென்று பற்றவைப்பு நடக்கும் மூலையில் வைத்தார். போமன் ஓடிச்சென்று தடுத்தார்.

“ஏன் அண்ணே, காலி டேங்க்தானே?” என்று கேட்டார் இளைஞர்.

“சொன்னா கேளு, வெளிய கொண்டு போய் வை” என்றார் போமன். விளக்கம் ஏதும் சொல்லவில்லை.

மொழியியல் படித்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. அமெரிக்க மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். நிறைந்த பெட்ரோல் பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக நடப்போர், காலிப் பீப்பாய்களின் அருகே கவலையின்றிப் புகைபிடிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். உண்மையில் காலிப் பீப்பாயே பேரிடர். அதற்குள் காற்றோடு கலந்த ஆவி நிற்கிறது. ‘காலி’ என்னும் சொல் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி மனிதரை ஏமாற்றுகிறது. தமிழில் காலி, மலாயில் கோசோங். இரண்டும் அவ்வாறே ஏமாற்றும்.

டீசல் பொதுவாக 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். பெட்ரோல் ஏறத்தாழ −40 பாகையிலேயே தரும். டீசல் வண்டிகளோடு பழகிய கை, பெட்ரோல் தொட்டியிடமும் அதே துணிவைக் காட்டினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இளைஞர் அறிவில் குறைந்தவர் அல்லர். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் அறிவியலின் தொடக்கத்தைக் கற்றார். இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் நின்றது. தொழிலைப் பேச்சுத் தமிழில் கற்கிறார். அத்தமிழில் ‘செய்’, ‘செய்யாதே’ என்பன உண்டு. ‘ஏன்’ என்பதற்கு விடை இல்லை. எதிர்முனையைக் கழற்றும் அவருக்குப் பொறியையும் ஆவியையும் இணைத்துச் சொல்லுவார் இல்லை. பட்டறைத் தமிழ் பற்றிய நம் கவலை இதுதான். கடன் சொற்கள் மிகுந்திருப்பது குறையன்று. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியமே இடம் தந்தது. கடையும் கப்பலும் நம்மிடமிருந்து மலாய்க்குச் சென்றன. காரணம் சொல்லும் வாக்கியம் இல்லாமையே குறை.

அத்தகைய வாக்கியத்தை உருவாக்க நம்மால் இயலுமா? இயலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இலங்கைத் தமிழர் ‘டேங்க்’ என்பதைத் ‘தாங்கி’ என்கின்றனர். ஒலியும் ஒத்தது, தாங்குவது என்னும் பொருளும் கிடைத்தது. நம் தோட்டத்து மக்கள் மட்டும் குறைந்தவர்களா? ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று பாலின் நிலைகளைப் பிரித்துப் பெயரிட்டனர். மலாயின் ‘மங்கோக்’ என்பதை ‘மங்கு’ ஆக்கினர். எண்ணெய்ப்பனை இம்மண்ணில் ‘செம்பனை’ எனப் பெயர் பெற்றது. பழக்குலையின் நிறத்தைக் கண்டவர்க்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறைக்கு மாணவர்களை ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் அங்கு வழங்கும் பெயரை, அது மலாயாயினும் ஆங்கிலமாயினும், முதலில் எழுதச் சொல்லுங்கள்; உதிரிப்பாகக் கடையில் அச்சொல்தான் பயன்படும். பின்னர் அவ்வுறுப்பு செய்யும் வேலையைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். வாக்கியம் சரியாக அமைந்தால் சொல் தானாக அதிலிருந்து விழும். எண்ணெய் வடித்த பெட்ரோல் தொட்டியை இனிக் ‘காலித் தொட்டி’ என்னாமல் ‘ஆவித்தொட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். ஆவி என்பதற்குப் பேய் என்றும் பொருள் உண்டு. அந்த அச்சமும் பட்டறைக்கு நல்லதே.

நாம் மறுமுறை அப்பட்டறைக்குச் சென்றபோது இச்சொல்லைப் போமனிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து உள்ளிருந்து அவருடைய குரல் கேட்டது: “தம்பி, அந்த ஆவி டேங்கை வெளிய வை.” இளைஞர் மறுகேள்வி கேட்காமல் எடுத்துச் சென்றார். நம் பட்டியலில் அச்சொல்லை அன்றே சேர்த்தோம்.