கைப்பழக்கமும் மறதி நோயும்



நம் தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வயலில் பார்த்திருப்பீர்கள். இடது கையில் நாற்று முடி; வலது கை இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே போகும். வரிசையில் ஓர் அம்மா மட்டும் முடியை வலது கையில் பிடித்து, நொட்டாங்கையால் நடுவார். வேகத்தில் யாருக்கும் சளைக்கமாட்டார். அதே அம்மா பந்தியில் சோத்தாங்கையால்தான் சாப்பிடுவார். சின்ன வயதில் அதட்டிப் பழக்கியிருப்பார்கள்.

வயதாகி அவருக்கு ஞாபகம் தடுமாறினால், அந்தக் கைப்பழக்கத்தின் மேல் பழி போடாதீர்கள். மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. இடது கைப்பழக்கம் இல்லை. பேச்சு முதலில் குலைகிற அரிய வகைகளில் மட்டும் அதற்குப் பங்கு உண்டா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆனாலும் மருத்துவர் "எந்தக் கைப்பழக்கம்?" என்று கேட்பார். காரணம் இருக்கிறது. வலது கைக்காரர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் பேச்சை ஆள்வது மூளையின் இடது பாதி. இடது கைக்காரர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வலது பாதியோ இரண்டுமோ அதைச் செய்யும். பாதிப்பு எந்தப் பக்கம் என்று கணிக்க இந்த விவரம் உதவும். வலது கையால் சாப்பிடுவதை வைத்து "வலது கை" என்று சொல்லிவிடாதீர்கள். "பிறவியில் இடது கை, சின்ன வயதில் மாற்றிவிட்டார்கள்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அல்சைமர் என்னும் மறதி நோயில் பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோன பிறகும், பல வருஷம் பழகிய கைவேலை வெகுநாள் தங்கும். முறத்தில் அரிசி புடைக்க, கீரை ஆய, பூக்கட்ட விடுங்கள். எந்தக் கை முன்னே வருகிறதோ, அந்தக் கையால் செய்யட்டும். திருத்த வேண்டாம்.

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக ஆய்வு சொல்கிறது. அந்த 14 காரணங்களையும் கவனித்தால், உலகில் ஏறத்தாழ பாதி பேருக்கு இதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். காது கேட்கவில்லையென்றால் கருவி வாங்கிக் கொடுங்கள். "வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்காமல், தடுமாற்றம் தெரிந்ததுமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.