சத்திரக்காரன் கையில் கொடுத்த இரண்டு பணம்

(கிறித்தவ மாணவர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளிச்சுப் போச்சு. அடிபட்டவன் கிடக்கிறான். ஆசாரியன் விலகிப் போறான், லேவியனும் விலகிப் போறான். சமாரியன் வந்து தூக்குறான். பிரசங்கம் இதோட முடிஞ்சுடும், காணிக்கைப் பை வந்துடும். லூக்கா இதோடு நிறுத்தவில்லை. மறுநாள் அந்தச் சமாரியன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுக்கிறான். திராட்சைத் தோட்ட உவமைப்படி ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். உச்சவரம்பு கிடையாது. அடிபட்டவனிடம் காசு வாங்கிக்கோன்னும் சொல்லலை.

யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள். அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று நம்ம சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலித் இறையியல் பேசுகிறவர்கள் இதை நன்றாகவே பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது சத்திரத்தைப் பற்றி. சத்திரமே இல்லாத ரோட்டில் சமாரியன் என்ன செய்திருப்பான்? கட்டுப் போட்டுட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பான்.

இங்கிலாந்துப் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் 1980இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், சமாரியனிடம் பணம் இருந்ததால்தான் உலகம் அவனை நினைவு வைத்திருக்கிறது என்கிற பொருளில் பேசினார். பணம் இருந்தது, சரிம்மா. அந்தப் பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தான்? அதைச் சொல்லலையே.

மிஷன் ஆஸ்பத்திரிகளை நான் குறைத்துப் பேசவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி வந்தது. அதற்கு முன்பு திண்டிவனத்தில் நடந்ததாக ஒரு கதையை எல்லோரும் சொல்வார்கள். ஒரே ராத்திரியில் மூன்று பேர், தங்கள் மனைவிமாரின் பிரசவத்துக்காக அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் தொடக்கூடாது. மூன்று பெண்களும் செத்துப் போனார்கள். தட்டியவர்கள் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதிக்காரர் என்றுதான் கதை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்த ராத்திரி சேரியில் பிரசவமே நடக்கலையா? அந்த வாசலில் போய்த் தட்டலாம்கிற எண்ணம்கூட நம்ம ஆளுக்கு வந்திருக்காது. இரக்கம் நல்லதுதான். ஆனா அது தட்டுறவன் வரட்டும்னு வீட்டுக்குள்ளே காத்துக்கிட்டு இருக்கு. தட்டாதவன் வீட்டுக்கும் நர்சம்மா போகணும்னா அதை அரசாங்கம்தான் செய்யணும், சம்பளம் கொடுத்துச் செய்யணும்.

நான் வங்கியில் எழுத்தர். நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். படிவத்தில் கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதியிருந்தாலும், எதிரே நிற்கிறவர் கக்கத்தில் ஸ்கேன் கவர் இருக்கும். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சக் கயிற்றோடு போகும் அக்காக்களை வாரா வாரம் பார்க்கிறேன். மீட்க வராத நகைக்கு ஏல நோட்டீஸ் ஒட்டுவதும் நாங்கதான்.

இது ஏதோ என் கவுண்டர் சங்கதி இல்லை. அரசின் தேசிய நலவாழ்வுக் கணக்கே சொல்கிறது: 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது. அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017 கொள்கையில் எழுதி வைத்தார்கள். பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று போர் கமிட்டி சொன்னது 1946இல்.

முடியாத காரியமா? 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க முடியும் என்று காட்டியது. அதுதான் சத்திரம். 2009இல் வந்த காப்பீட்டுத் திட்டம் வேறு வகை. அதில் அரசு மருத்துவமனைக்கும் பங்கு உண்டுதான், ஆனாலும் வரிப்பணம் தனியார் கல்லாவுக்குப் போக வழி திறந்துவிட்டது. உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதை ஒரேயடியாகத் திட்ட என்னால் முடியவில்லை. ஆனால் அந்தக் காசில் சத்திரம் கட்டப்படவில்லை.

இன்னொன்று. சத்திரத்தில் அந்த ரத்தத் துணியை யார் அலசியது? லூக்கா எழுதவில்லை. நம்ம ஊர் பெரியாஸ்பத்திரியில் யார் அலசுறாங்கன்னு நமக்குத் தெரியும். 2020 மார்ச்சில் அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாடே கை தட்டியது. கூலி மட்டும் ஒப்பந்தக்காரன் வழியாகத்தான் வந்தது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு நிதி கேட்கிறவர்கள் கட்டடத்தையும் கருவியையும் மட்டும் கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். துப்புரவுப் பணியாளருக்கு நிரந்தர வேலை என்பது முதல் வரியில் இருக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐத் திருச்சபைகள் கருப்பு நாளாக அனுசரிக்கின்றன. அன்றைக்கு மேடை ஏறும் ஆயர்களிடம் இந்தக் கோரிக்கையையும் கொடுப்போம். சபை நடத்தும் ஆஸ்பத்திரிகளில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு என்ன சம்பளம் என்றும் அதே தாளில் கேட்போம். மனுவின் நகல் கொண்டு வந்திருக்கிறேன். வாசித்துவிட்டுத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.