140 சென்டிமீட்டர்

சங்ககிரி லாரிக்காரங்க ஊர். எங்க பெரியப்பாவும் வருஷக்கணக்கா லாரி ஓட்டினவர்தான். போன மே மாசம் அவர் காரில் பிடதி வொண்டர்லாவுக்குக் கிளம்பினோம். ஏழு சீட்டு, ஒன்பது பேர். "பசங்கதானே, மடியில உக்காரட்டும்"னார். 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கும் பெல்ட் கட்டாயம், இல்லன்னா 1,000 ரூபா அபராதம். 2019லயே சட்டத்தைத் திருத்திட்டாங்க. சொன்னேன், சிரிச்சார்.

பெரிய ரைடு வாசல்ல உயரம் அளந்தாங்க. 140 சென்டிமீட்டர் வேணும். சித்தப்பா பையன் 138. ஒரே அழுகை. பெரியப்பா கெஞ்சிப் பார்த்தார். ரைடு ஓட்டுற தம்பி அசையல: "உடம்பு சின்னதா இருந்தா பிடிமானம் சரியா பிடிக்காதுங்க, நழுவிடும்."

"ரெண்டு நிமிஷ ரைடுக்கே இவ்வளவு பாக்கறாங்க பெரியப்பா. நாம 200 கிலோமீட்டருக்கு மேல மடியில வெச்சிக்கிட்டு வந்திருக்கோம்"னேன். பதிலே இல்ல.

திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கம் இருக்கு. பிரேக் பிடிக்காம லாரி மோதுற இடம், அவருக்குத் தெரியாததா? தர்மபுரியிலயே ஓரங்கட்டினார். நானும் அக்காவும் இறங்கி சேலம் பஸ் ஏறினோம். 138 ஜன்னலோரம் பெல்ட் போட்டு உக்காந்திருந்தான், மூஞ்சி இன்னும் உர்ர்ருன்னுதான்.