முதலில் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?



பாளையம்பட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மானாவாரிக் காடு கைகொடுக்காததால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன், ஊர் திரும்பியபோது சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம். புருஷன் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த அம்மா யோசிக்க மாட்டார். மகன் விஷயத்தில் வாயே திறப்பதில்லை. டாக்டரிடம் சொன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விடுமோ? கேஸ் ஆனால் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவான்?

அந்தப் பயத்தில் பாதி நியாயம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 27-ஆம் பிரிவில், கஞ்சா புகைத்ததற்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்கிறது. ஒரு கிலோவுக்குள் கையில் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. புகைத்தவனைவிடப் புகைக்காமல் பையில் வைத்திருப்பவனுக்குத் தண்டனை அதிகம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை.

மீதிப் பாதி பயம் தேவையில்லாதது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோயில் சேர்த்திருக்கிறது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. ஒரே பையன் இந்தச் சட்டத்தில் நோயாளி, அந்தச் சட்டத்தில் குற்றவாளி.

பழைய சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையாகி, சிறு அளவு வழக்கில் சிக்கியவர், அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் அந்தக் கதவு கேஸ் போட்ட பிறகுதான் திறக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் சலுகை பறிபோகலாம். நிறுத்துவதும் மறுபடி தொடுவதும் இந்த நோயின் சுபாவம் என்று எந்த மனநல மருத்துவரும் சொல்வார். காசநோய்க்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் மேல் கேஸா போடுகிறோம்?

போர்ச்சுகல் 2001-இல் வேறு வழி எடுத்தது. சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பவர் அங்கே கோர்ட்டுக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் கொண்ட குழுவின் முன்னால் உட்காருகிறார். விற்பவனுக்குச் சிறை அப்படியே. இங்கும் விற்பவனைத் தொட வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது 10 வருஷம், அது இருக்கட்டும். 27-ஆம் பிரிவை எடுத்துவிட்டு, பிடிபட்ட அன்றே பையனை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதே என் வாதம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது, அம்மாவே பேசலாம்.