முதியோர் கல்விக்குப் பெரிதும் தேவை ஆர்வமா? பயிற்சியா? – பயிற்சியே!



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "சொல்லிக்கொடுக்கணும்கிற ஆர்வம் இருந்தா போதும், பயிற்சி எதுக்கு?" என்று கேட்டார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும்போது, "எனக்குத் துடுப்புப் போட ரொம்ப ஆர்வம், இன்னைக்குத்தான் முதல் தடவை" என்று ஒருத்தர் சொன்னால், தங்கச்சி, நீங்க ஏறுவீங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. இந்தத் தருமபுரி மாவட்டத்தில் 68.5. அன்றைக்கு இருந்த 32 மாவட்டங்களில் இதுதான் கடைசி. இது மக்கள் மேல் குறை சொல்வதற்காக அல்ல. அவர்கள் முன்னால் போய் நிற்கிறவர் எப்படி நிற்கணும் என்பதுதான் என் கட்சி.

சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் என்ன வித்தியாசம்? வாத்தியார் திட்டினாலும் பிள்ளை மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கும். பெரியவர் அப்படியா? ஒரு வார்த்தை சுருக்கென்று குத்தினால், "மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்" என்று எழுந்து போய்விடுவார். மறுநாள் வரமாட்டார். ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.

ஐம்பது வயது அம்மா சிலேட்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். ஆர்வம் மட்டும் உள்ள தம்பி என்ன சொல்வார்? "எத்தனை தடவை சொல்றது, மண்டையில ஏறலையா?" ஐயா, கோளாறு மண்டையில் இல்லை, கண்ணில்! நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்கும். வெள்ளெழுத்து! பயிற்சி பெற்றவர் எழுத்தைப் பெரிசாகப் போடுவார், விளக்கைப் பக்கத்தில் வைப்பார், கண் பரிசோதனைக்கு அனுப்புவார். (கைதட்டல்)

கணக்குக்கு வருவோம். சந்தையில் புளி விற்கிற அம்மா, கிலோ 120 என்றால் முக்கால் கிலோ 90 என்று, நீங்கள் செல்போனை எடுக்கிறதுக்குள்ளே சொல்லிவிடுவார். அவரிடம் போய் "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு" என்று பாடினால் சிரிக்கமாட்டாரா? பயிற்சி பெற்றவர், "எப்படிம்மா போட்டீங்க?" என்று கேட்பார். "அரைக்கிலோ 60, காக்கிலோ 30" என்பார் அவர். அதை அப்படியே பலகையில் எழுதினால் அதுதான் பாடம். கணக்கு அவருடையது, எழுத்து மட்டும்தான் நம்முடையது.

எதிரணியினர் அறிவொளி இயக்கத்தைச் சொன்னார்கள். எர்ணாகுளம் 1990-ல் முழு எழுத்தறிவு கண்டது, 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுந்தது, பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் வெறும் ஆர்வமா அதைச் செய்தது? அறிவொளியின் முதல் புத்தகம் 'அ, ஆ' என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. ஏன்? பட்டா என்றால் நிலம். நிலம் என்றால் உழைக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். இன்னொன்று, ப-வும் ட-வும் நேர்கோடுகள். கதிர் அறுத்துக் காய்த்துப்போன விரலுக்கு 'அ' சுழிப்பதைவிட 'ட' இழுப்பது சுலபம். இந்தக் காரணம் தெரியாமல் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்து என்ன பயன்?

பிரேசில் நாட்டில் 1963-ல், அங்கிகோஸ் என்ற ஊரில், பாவ்லோ பிரேயிரே சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நடத்தினார். அந்த மக்கள் பேசுகிற சொற்களை முதலில் சேகரித்தார்கள். பாடம் நடத்திய கல்லூரி மாணவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம்தான் வகுப்பு!

"பயிற்சின்னா நாள் முழுக்கச் சொற்பொழிவுதானே?" என்று எதிரணி கேட்கலாம். இல்லை. பயிற்சிக்கு வந்த பட்டதாரிகளை உட்காரவைத்து, பலகையில் கன்னட எழுத்தை எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள்! அங்கே கன்னடப் பலகை முன்னால் தமிழ் பட்டதாரியும் கைநாட்டுதான். (சிரிப்பு) அரை மணி நேரம் அந்தத் திணறலை அனுபவித்தவன், அப்புறம் "மண்டையில ஏறலையா" என்று எவரையும் கேட்கமாட்டான்.

அடுத்து, ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம் பாடம் நடத்தணும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லணும். ஒரு மாதம் வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பக் கூடி, "யார் நின்னுட்டாங்க, ஏன் நின்னாங்க" என்று பேசணும். நடுவர் அவர்களே, இதற்குப் பெயர்தான் பயிற்சி.

2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயதைத் தாண்டியவர்களுக்குத் தன்னார்வலர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சம்பளம் இல்லை. அந்த ஆர்வத்தைக் கும்பிடுகிறேன். ஆனால், குழுக்கடன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைத்த ஓர் அம்மா, ஊர் என்ன சொல்லுமோ என்று பல வருஷம் தயங்கி, ஒருநாள் சாயங்காலம் துணிந்து வகுப்புக்கு வருகிறார். நம்முடைய பழகாத வாய் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டால், அவர் இன்னொரு தடவை வரமாட்டார். அடுத்த தாளிலும் ரேகைதான்.

ஆர்வம் அந்த அம்மாவை வாசல் வரை அழைத்து வரும். அவரை உள்ளே உட்காரவைத்து, தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவைப்பது பயிற்சியே, பயிற்சியே என்று கூறி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)