கடன் கொடுத்த கணக்கு



நம் ஊரில் கல்விக்கடன் என்றதும் வங்கி வாசல்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர்களுக்குக் கடன் கொடுப்பது அரசே. 2010 ஜூலை முதல் அங்கே மத்திய அரசின் புதிய மாணவர் கடன்கள் ஏறக்குறைய எல்லாம் கல்வித் துறையிலிருந்து நேரடியாகவே போகின்றன. கடன்காரர்கள் 4 கோடிக்கும் மேல்; நிலுவை ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர். இவ்வளவு பெரிய பேரேட்டை எப்படித் தணிக்கை செய்வது?

கொடுத்த பணத்தைச் சரிபார்த்துவிடலாம்; பதிவுகள் இருக்கின்றன. திரும்பி வரப்போகும் பணம்தான் சிக்கல். 1990-இல் வந்த கடன் சீர்திருத்தச் சட்டப்படி, கடனைக் கொடுக்கும்போதே அதன் ஆயுள் முழுவதற்குமான வரவையும் இழப்பையும் மதிப்பிட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தில் சேர்ந்தால், சம்பளம் குறையக் குறையத் தவணையும் குறையும். பொதுப்பணியில் இருந்தபடியே 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. அவர் என்ன சம்பளம் வாங்குவார், பள்ளியிலேயே நீடிப்பாரா, இந்தத் திட்டத்தில் சேர்வாரா என்பதையெல்லாம், அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் சேர்த்து, அவர்கள் மாணவர்களாக இருக்கும்போதே ஊகித்து எழுத வேண்டும். பிறகு ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

அந்த ஊகம் எவ்வளவு பிசகியது என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 ஜூலையில் சொன்னது. 1997 முதல் 2021 வரை கொடுத்த கடன்களால் அரசுக்கு 11,400 கோடி டாலர் வருமானம் என்பது முதல் மதிப்பீடு. 2021 நிலவரப்படி அதுவே 19,700 கோடி டாலர் செலவு! கொரோனா காலத்தில் தவணையையும் வட்டியையும் நிறுத்திவைத்தது ஒரு காரணம். ஆனால் பிசகில் பாதிக்கு மேல் மறுமதிப்பீட்டில் வந்தது: கடன்காரர்களின் வருமானம் பற்றியும், அவர்கள் எப்படிக் கட்டுவார்கள் என்பது பற்றியும் முன்பு நினைத்தது மாறிப்போனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய அதிபர் பைடன் பெரும் தள்ளுபடியை அறிவித்தார். அதன் செலவும் கணக்கில் ஏறியது. எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள்? அந்த அனுமானத்துக்கு ஆதாரம் கேட்டார்கள் தணிக்கை செய்த கே.பி.எம்.ஜி. நிறுவனத்தார். போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் வெளியான அறிக்கையில், துறையின் நிதிநிலை அறிக்கை பற்றிக் கருத்துக் கூற இயலாது என்று எழுதிவிட்டார்கள். இதைத் தணிக்கையின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட மறுப்பதுதான் தணிக்கையாளரின் வேலை.

அந்தத் தள்ளுபடியை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் அடுத்த ஆண்டுக் கணக்குக்கும் தணிக்கையாளரின் கருத்துக் கிடைக்கவில்லை. இனியாவது கல்வித் துறை, ஒவ்வோர் ஆண்டும் கொடுத்த கடனுக்கு அன்று போட்ட மதிப்பீடு என்ன, இன்று வரை வசூலானது என்ன என்று சாதாரண மனிதருக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் காட்டட்டும். வரி கட்டுகிறவரும் கடன் கட்டுகிறவரும் அதைக் கேட்க உரிமை உள்ளவர்கள்.