ஓவியர் சரிதங்கள்



ஓவியத்தைப் பற்றிப் பேச வானொலி ஏற்ற இடமன்று என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். காட்ட வேண்டிய பொருளைக் காட்ட இங்கே வழியில்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது ஓவியங்களைப் பற்றியன்று. ஓவியர்களின் வாழ்க்கையைக் கூறும் நூல்களைப் பற்றி. அவற்றுள்ளும் குறிப்பாக ஒரு நூலைப் பற்றியும், அதை நம்பி நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலியில் 1511ஆம் ஆண்டு பிறந்த ஜார்ஜோ வசாரி என்பவர் தாமே ஓவியர், கட்டடக் கலைஞருங்கூட. இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் சென்று காணும் புளோரன்ஸ் நகரத்து உஃபீட்சி மாளிகை அவர் வகுத்த அமைப்பே. ஆயினும் அவர் பெயர் நிலைத்திருப்பது அவர் தீட்டிய படங்களாலன்று, எழுதிய நூலால். தமக்கு முந்தியவரும் தம் காலத்தவருமான இத்தாலியக் கலைஞர்களின் வரலாறுகளைத் திரட்டி 1550இல் வெளியிட்டார். 1568இல் அதனைப் பெரிதும் விரித்து மீண்டும் பதிப்பித்தார். இந்நூல் இல்லையேல் பல ஓவியர்களின் பெயர் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும். சிலருக்கு அதுவும் எஞ்சியிராது.

நான் கல்லூரியிற் பயின்ற நாளில் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு என் கைக்கு எட்டியது. பாடப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு இதையே படித்தேன். அதில் என் நெஞ்சை விட்டு நீங்காதது ஆந்திரேயா தெல் காஸ்தான்யோ என்ற ஓவியரின் கதை.

தொமெனிக்கோ என்ற ஓவியர் வெனிஸ் நகரத்திலிருந்து புளோரன்சுக்கு வந்தார். எண்ணெயில் வண்ணம் குழைத்துத் தீட்டும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆந்திரேயா அவரோடு நட்புப் பூண்டவர்போல் நடித்து வித்தையைக் கற்றுக்கொண்டார். பிறகு, புகழ் தமக்கே உரியதாக வேண்டும் என்ற பொறாமையால், தொமெனிக்கோ வீணை போன்ற ஒரு வாத்தியத்தோடு இரவில் வீடு திரும்பும்போது தெருமுனையில் மறைந்திருந்து அடித்து வீழ்த்தினார். உடனே திரும்பி வந்து ஒன்றுமறியாதவர்போல் வேலையில் அமர்ந்துவிட்டார். செய்தி கேட்டு ஓடியவரின் கைகளிலேயே, கொன்றவன் இவனென்று அறியாமல், தொமெனிக்கோ உயிர்விட்டார். மரணப் படுக்கையில் ஆந்திரேயாவே உண்மையை ஒப்புக்கொண்டார். இது வசாரி கூறும் கதை.

நான் ஆசிரியனான பிறகு இக்கதையை வகுப்பிற் சொல்லாத ஆண்டில்லை. ஆந்திரேயா தீட்டிய ‘இறுதி விருந்து’ ஓவியத்தின் அச்சுப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. இயேசுவும் சீடர்களும் மேசைக்கு அப்பால் வரிசையாக அமர்ந்திருக்க, யூதாஸ் மட்டும் இப்பால் தனியே அமர்ந்திருக்கிறான். “நண்பனைக் கொன்றவன் கை தீட்டிய துரோகியின் முகத்தைப் பாருங்கள்” என்பேன். வகுப்பு மூச்சடங்கிக் கேட்கும். அந்த மௌனத்தில் எனக்குப் பெருமையுங்கூட.

பல ஆண்டுகள் கழிந்து, வேறொரு நூலின் அடிக்குறிப்பில் அந்தச் செய்தியைக் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெய்தானோ மிலானேசி என்ற அறிஞர் புளோரன்ஸ் நகரத்துப் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தார். ஆந்திரேயா இறந்தது 1457இல், கொள்ளை நோயால். தொமெனிக்கோ இறந்தது 1461இல். கொலையுண்டவர் கொலைகாரனுக்குப் பின் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்திருக்கிறார்!

கதையைத் தோற்றுவித்தவர் வசாரி அல்லர். அவருக்கு முன்பே அவ்வதந்தி அந்நகரில் உலவியது. அதற்கு ஒரு காரணமும் இருந்திருக்கலாம். இளமையில் ஆந்திரேயா, தூக்கிலிடப்பட்ட அரச துரோகிகளின் உருவங்களைப் பொதுச் சுவரில் தீட்டினார்; அதனால் ‘தூக்குண்டோரின் ஆந்திரேயா’ என்றே மக்கள் அவரை அழைத்தனர். அத்தகைய பட்டப்பெயர் பெற்றவர்மீது கொலைப் பழி எளிதில் ஒட்டிக்கொள்ளும்போலும்.

ஆவணம் பார்க்கும் வழக்கம் வசாரிக்கு இல்லாமலில்லை. வியப்பு அங்கேதான். மைக்கலாஞ்சலோ வாழ்ந்திருக்கும்போதே வசாரி அவர் வரலாற்றை எழுதினார். அது கலைஞருக்கு நிறைவளிக்கவில்லை. 1553இல் கொந்திவி என்ற சீடர் வேறொரு வரலாறு எழுதினார். தம் குருவுக்குக் கிர்லாந்தாயோவிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் கிட்டவில்லை என்பது அதன் போக்கு. வசாரி சும்மா இருப்பாரா? கிர்லாந்தாயோ குடும்பத்தாரின் பழைய கணக்கேட்டைத் தேடிப் பிடித்தார். 1488இல் சிறுவன் மைக்கலாஞ்சலோவை மூன்றாண்டுக்கு, 24 புளோரின் ஊதியத்தில், பணியில் அமர்த்திய பதிவை அப்படியே தம் இரண்டாம் பதிப்பில் எடுத்து அச்சிட்டார்! தம் சொல்லைக் காக்க வேண்டியபோது ஏட்டைப் புரட்டியவர், நூறு ஆண்டுக்கு முன் மாண்ட ஒருவரின் மானத்தைக் காக்க அதே ஊரின் ஏட்டைப் புரட்டவில்லை.

அவ்விரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு வரலாற்றின் முன்னும் அக்கலைஞரின் உருவத்தை மரத்திற் செதுக்கி அச்சிட்டார். உருவம் கிட்டாத சிலருக்குச் சட்டத்தை மட்டும் அச்சிட்டு நடுவை வெறுமையாக விட்டுவிட்டார். எவ்வளவு நேர்மை! செய்தி கிட்டாத இடத்திலும் அவ்வாறே ஒரு வெற்றுச் சட்டம் விட்டிருந்தால் ஆந்திரேயா பிழைத்திருப்பார்.

கதை நூல்களே வேண்டா என்று நான் சொல்லவில்லை. டச்சு ஓவியர் வான் கோவைப் பற்றி இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய நாவல் எத்தனையோ பேரை அவருடைய படங்களின்பால் இழுத்தது. உரையாடல்கள் தம் கற்பனையே என்று ஸ்டோனே நூலின் இறுதியில் கூறிவிடுகிறார். அதைப் படித்தவர்கள், வான் கோ தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களையும் படியுங்கள். தியோவின் மனைவி யோஹான்னா அவற்றைப் பேணி, வரிசைப்படுத்தி, 1914இல் வெளியிட்டார். வான் கோ பெரும்பாலும் தேதியிடாமலே எழுதியவர். வரிசைப்படுத்திய அப்பெண்மணியின் பாடு எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். அக்கடிதங்களில் நாவலின் வேகம் இராது. வண்ணம் தீர்ந்தது, பணம் வேண்டும், இன்று இந்த மஞ்சளுக்கருகே இந்த நீலத்தை வைத்தேன் என்ற பேச்சே மிகுதி. ஆனால் பேசுபவர் வான் கோ.

அடிக்குறிப்பைக் கண்ட மறுநாளே வகுப்பில் என் பிழையைச் சொல்லித் திருத்தினேன். முன்பு கேட்டுச் சென்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? அண்மையில், பழைய மாணவர் ஒருவர் ரயிலில் என்னை அடையாளம் கண்டு வணங்கினார். “ஐயா, அந்தக் கொலைகார ஓவியனின் கதையை என் குழந்தைகளுக்குங்கூடச் சொல்லியிருக்கிறேன்” என்றார். நான் 1457ஐயும் 1461ஐயும் எடுத்துக் கூறினேன். பொறுமையாகக் கேட்டவர், சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்படியா, ஐயா? ஆனால் அந்தக் கதை நன்றாக இருந்தது.”